போஸ்ட்டில் பிரச்சனை

கபிரியேல் அத்தான் இறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், தக்கலையில், அவருடைய கடை நாற்காலியில். சரியான நேரம் யாருக்கும் தெரியாது. எதிரில் ஒருவர் பிரிண்டரை மடியில் வைத்துக்கொண்டு இருபது நிமிடம் காத்திருந்திருக்கிறார். "என்னமோ ரோசிச்சிட்டு இருக்காருண்ணு நினைச்சேன்" என்று பிறகு எங்களிடம் சொன்னார். அவரைக் குறை சொல்ல வழியில்லை. யோசிக்கும்போது அத்தான் அப்படித்தான் இருப்பார். கண் திறந்திருக்கும், கைகள் மடியில் இருக்கும், கூப்பிட்டால் திரும்பமாட்டார். அந்தப் பிரிண்டர் இன்னும் கடையில்தான் இருக்கிறது.

வயது முப்பத்தெட்டு. இதயம் என்றார்கள். ஐந்து வாரம் ஆகிறது.

அவர் என் அக்கா பிளஸ்ஸியின் கணவர். பிறந்தது கடியப்பட்டணத்தில். அவருடைய அப்பா, அப்பாவின் அப்பா, அண்ணன்கள் மூன்று பேர், எல்லோரும் கடலுக்குப் போனவர்கள். இவரும் பதினாறு வயதில் போனார். கரையிலிருந்து அரை மைல் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்தார். பழகிவிடும் என்று ஒரு மாதம் விடாமல் கூட்டிப்போனார்கள். ஒரு மாதமும் எடுத்தார். கடைசியில் மூத்த அண்ணன், "நீ கரையில நிண்ணு எதையாவது நன்னாக்குலே" என்றாராம். எங்கள் பக்கத்தில் நன்னாக்குவது என்றால் பழுது பார்ப்பது. அண்ணன் அதைத் திட்டாகத்தான் சொன்னார். இவர் அதை யோசனையாக எடுத்துக்கொண்டார்.

ஐடிஐயில் ரேடியோவும் டிவியும் படித்தார். ஊரில் முதலில் டேப்ரிக்கார்டர், பிறகு டிவி, பிறகு படகுகளில் வைக்கும் வயர்லெஸ், ஜிபிஎஸ். கடலுக்குப் போக முடியாதவர் கைக்குக் கடலுக்குப் போய்வந்த கருவிகள் எல்லாம் வந்தன. உப்பேறிப் பச்சை பிடித்த போர்டுகளை நல்ல தண்ணீரில் பிரஷ் போட்டுக் கழுவி, ஓட்டின்மேல் வெயிலில் காய வைப்பார். கொண்டுவந்தவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பாதிக்கு மேல் பிழைத்துவிடும். 2003-ல் தக்கலையில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து மாடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை போட்டார். பெயர் ஸ்டெல்லா கம்ப்யூட்டர்ஸ். ஸ்டெல்லா அவருடைய அம்மா. டிவிக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன வித்தியாசம் என்பது அந்த அம்மாவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

அக்காவை 2009-ல் கல்யாணம் செய்தார். அவர்கள் ரோமன் கத்தோலிக்கர்கள், நாங்கள் சிஎஸ்ஐ. அவர் கடற்கரைக்காரர், நாங்கள் மேட்டுக்காரர்கள். என் அப்பா இந்தச் சம்பந்தம் ஏன் கூடாது என்பதற்குப் பதினொரு காரணங்கள் சொன்னார். பிறகு ஒருநாள் சம்மதித்தார். அதற்குக் காரணம் எதுவும் சொல்லவில்லை.

எந்த மெஷின் வந்தாலும் அத்தான் திறப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பார். "கடசியா என்ன செஞ்சீங்க?" பதில் வரும்வரை ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்கமாட்டார். பதிமூன்று வருடத்தில் ஏறக்குறைய எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். "ஒண்ணும் செய்யல்ல. தானா நிண்ணுட்டு."

நானும் அதைத்தான் சொன்னேன். அவரை முதன்முதலில் பார்த்த அன்று.

அது 2006. அழகியமண்டபத்தில் இருந்தோம். அப்பா நேசமணி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அம்மா பூங்கனி. நான் பிசிஏ இரண்டாம் வருடம். அக்கா பி.ஏ. முடித்துவிட்டு, நாகர்கோவிலில் இருந்த ஒரு மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் அலுவலகத்துக்காக வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். அமெரிக்க டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டுப் பேசிப் பதிவு செய்ததை ஹெட்போனில் கேட்டு, டைப் செய்து அனுப்ப வேண்டும். காலடியில் தையல் மெஷினில் இருப்பதுபோல ஒரு மிதி. மிதித்தால் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் நிறுத்துவார். ஓஹையோவில் யார் யாருக்குப் பித்தப்பையை எடுத்தார்கள் என்பது அழகியமண்டபத்தில் அக்காவுக்கு மட்டும் தெரியும். வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். சொல்லவும் இல்லை.

மூன்று மாதம் சோதனைக் காலம். கடைசி வாரத்துக்கு அறுபது ஃபைல்கள் கொடுத்திருந்தார்கள். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் அறுபதும் போய்ச் சேர்ந்தால் வேலை நிரந்தரம். ஒன்று குறைந்தாலும் அந்த இடம் வேறொருவருக்கு. வேலை போனால் பி.எட். அப்பா விண்ணப்பப் படிவத்தை வாங்கி, அவள் பெயர்வரை நிரப்பி, பைபிளுக்குள் வைத்திருந்தார். அக்காவோ வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அடுக்களையிலிருந்து வெளியே வராதவள். அவளை நாற்பது பிள்ளைகள் முன்னால் நிறுத்தினால் என்ன ஆகும் என்பது அப்பாவைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அந்த வேலைக்கான சாஃப்ட்வேரை எங்கள் கம்ப்யூட்டரில் மட்டும் ஓடும்படி அலுவலக ஆட்கள் வந்து போட்டுத் தந்திருந்தார்கள். பிரௌசிங் சென்டரில் போய் உட்கார முடியாது. அதனால் நான் அந்தக் கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

புதன்கிழமை காலை, இருபத்துநான்கு ஃபைல்கள் முடிந்திருந்த நிலையில், அக்காவும் அம்மாவும் மார்த்தாண்டம் போனார்கள். நான் தொட்டேன்.

ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையில் ஓவர்கிளாக் செய்வது எப்படி என்று நான்கு பக்கம் போட்டிருந்தார்கள். கம்பெனி எழுதிய வேகத்துக்கு மேல் பிராசஸரை விரட்டுவதற்கு அதுதான் பெயர். நான் விளையாடும் கார் பந்தயத்தில் ஒரு வளைவு வரும்போது படம் திக்கும். அதைச் சரிசெய்வதுதான் நோக்கம். கம்ப்யூட்டர் உயிர்பெறும்போது ஒரு பட்டனை அழுத்தினால் நீலத் திரை வரும். அதில் 200 என்று இருந்ததை 210 ஆக்கினேன். ஓடியது. 220. ஓடியது. பத்திரிகை இத்துடன் நிறுத்திக்கொள்ளச் சொன்னது. 240 போட்டேன்.

திரை இருண்டது. விளக்கு எரிந்தது, காற்றாடி சுற்றியது, வேறொன்றும் நடக்கவில்லை. அதே பத்திரிகையின் கடைசிப் பத்தியில், இப்படி ஆனால் போர்டில் இருக்கும் வட்ட பாட்டரியைக் கழற்றிச் சிறிது நேரம் வைத்து மாட்டவும் என்றிருந்தது. சிறிது நேரம் என்பது எவ்வளவு என்று இல்லை. கழற்றி, கண்ணை மூடி, பரமண்டல ஜெபத்தை ஒருமுறை முழுதாகச் சொன்னேன். ஆமென் சொல்லிவிட்டு மாட்டினேன். திரை இருட்டாகவே இருந்தது. மூடியைத் திருகிவிட்டுக் கல்லூரிக்குப் போனேன்.

மாலையில் அக்கா என்னிடம் கேட்டபோது, தானாக நின்றுவிட்டது என்றேன்.

வியாழன் காலை அப்பா தக்கலைக் கடைக்குப் போன் செய்தார். நான் பக்கத்தில் நின்றேன். போன் அந்தக் காலத்து லேண்ட்லைன், எதிர்முனையில் பேசுவது அறை முழுக்கக் கேட்கும்.

"லைட்டு எரியுது, காத்தாடி சுத்துது, படம் மட்டும் வரல்ல" என்றார் அப்பா.

"பீப்புண்ணு ஒரு சத்தம் வரணுமே சாரே. வருதா?"

"இல்ல."

"அப்ப போஸ்ட் ஆவல்ல. போஸ்ட்டுலதான் பிரச்சனை. நான் உச்சைக்கு வாறேன்."

"போஸ்ட்டுல பிரச்சனைண்ணா நீங்க எதுக்கு வரணும்? அதுக்கு ஆளு வேற உண்டு. நாங்க பாத்துக்கிடுதோம்."

கம்ப்யூட்டர் உயிர்பெற்றதும் தன் உறுப்புகளைத் தானே ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளும். அதற்குத் தொழிலில் போஸ்ட் என்று பெயர், நான்கு இங்கிலீஷ் வார்த்தைகளின் சுருக்கம். எங்கள் மாவட்டத்தில் போஸ்ட் என்றால் மின்கம்பம். அப்பா மின்வாரிய அலுவலகத்துக்கு இரண்டு பக்கத்தில் மனு எழுதினார். "எமது இல்லத்தின் எதிரே நிற்கும் போஸ்ட்டின் கோளாறு காரணமாக எனது மகளின் கணினி இயங்காதிருக்கிறது" என்று தொடங்கும். கையெழுத்து மிக அழகாக இருந்தது. எனக்கு விஷயம் தெரியும். வாயைத் திறந்தால் அடுத்ததாக என்ன கேள்வி வரும் என்பதும் தெரியும். மனுவில் ஒரு சந்திப் பிழை இருந்தது, அதை மட்டும் சுட்டிக்காட்டினேன்.

வியாழன் அப்படிப் போயிற்று. அக்கா நாள் முழுக்க இருண்ட திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளி காலை லைன்மேன் பகவதியப்பன் வந்தார். கம்பத்தில் ஏறினார், தட்டினார், இறங்கினார்.

"போஸ்ட்டு கல்லு மாதிரி நிக்கி சாரே. இந்த அயினி மரத்துக் கொப்பு ஒண்ணுதான் லைன முட்டுது. நாளைக்கு ஆளோட வந்து வெட்டித் தாறேன்."

"அப்ப கம்ப்யூட்டரு?"

"அது எனக்க டிபார்ட்மெண்டு இல்ல. உங்க மனுவ எங்க ஆபீஸ்ல எல்லாரும் வாசிச்சாச்சு. நல்ல தமிழுண்ணு பேசிக்கிட்டாங்க."

அப்பா மறுபடியும் தக்கலைக்குப் போன் செய்தார். பதினொரு மணிக்குக் கபிரியேல் பைக்கில் வந்து இறங்கினார். அரைக்கைச் சட்டை, தோளில் ஒரு ரெக்சின் பை. செருப்பைக் கழற்றிவிட்டு நேராக மெஷினுக்கு முன்னால் போய் நின்று கேட்டார்.

"கடசியா என்ன செஞ்சீங்க?"

அப்பா என்னைப் பார்த்தார்.

"ஒண்ணும் செய்யல்ல. தானா நிண்ணுட்டு" என்றேன்.

அவர் காத்திருந்தார். வேறு எதையாவது சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றியது. "பாட்டரியக் கூட எடுத்துப் பாத்தாச்சு" என்றேன்.

"பாத்தாச்சா? அப்ப அது இல்ல" என்றார். என் வார்த்தையை நம்பி ஒரு வேலையை விட்டுவிட்டார்.

பிறகு மூன்று மணி நேரம். மெமரி குச்சியைக் கழற்றி அதன் காலைப் பென்சில் ரப்பரால் தேய்த்தார். வேறு குச்சி போட்டார். தன்னுடைய பவர் சப்ளையை மாட்டினார். ஒவ்வொரு உறுப்பாகக் கழற்றி, கடைசியில் போர்டை மட்டும் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்து வைத்து ஓட்டிப் பார்த்தார். பீப் சத்தம் வரவில்லை. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்தார். அப்படியே இருந்தார்.

"உறங்குதாரா?" என்று அம்மா என் காதில் கேட்டாள்.

இரண்டரை மணிக்கு எழுந்தார். "போர்டு போச்சுண்ணு நினைக்கேன் சாரே. கடைக்குக் கொண்டு போறேன். புதுசு வரணும்ணா திங்கக்கிழமை ஆவும்."

அக்கா அன்று முதன்முறையாக வாயைத் திறந்தாள். "போர்டு மாறினா அந்த சாஃப்ட்வேர் ஓடாது" என்றாள். அவரிடம் அல்ல, போர்டைப் பார்த்துச் சொன்னாள். ஹெட்போன் வயரைச் சுற்றி அதன் அட்டைப்பெட்டியில் வைத்தாள். கால்மிதியைத் துடைத்து அதையும் வைத்தாள். பெட்டியை மூடிய பிறகு கையை அதன்மேலிருந்து எடுக்கவில்லை.

அப்பா பைபிளை எடுத்தார். வாசிப்பதற்கு இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

கபிரியேல் போர்டைப் பையில் வைத்துக்கொண்டு பைக்குக்குப் போனார். நான் பின்னால் போனேன்.

"அண்ணே, ஒரு காரியம்."

"சொல்லு மக்கா."

"நான்தான் செஞ்சேன். ஓவர்கிளாக். இருநூறுல இருந்தத ஏத்தினேன்."

"எம்பிடு?"

"இருநூத்தி நாப்பது."

"எதுக்கு நாப்பதோட நிறுத்தின? முந்நூறு போட்டிருக்கலாம்லா. நல்ல ரவுண்டு நம்பரு."

நான் தலை குனிந்தேன். அவருக்குக் கோபம் இருந்ததா என்று தெரியவில்லை. குரல் எப்போதும்போலவே இருந்தது.

"காலத்தேயே சொல்லியிருந்தா பதினஞ்சு நிமிசத்துல தீந்திருக்கும். எங்க ஆளுவளுக்கு இந்த விசயத்துல பழக்கம் உண்டு, கேட்டியா. சாமியாருக்க முன்ன முட்டுக்குத்தினா எல்லாம் வந்துரும். நீங்க நேரடியா கர்த்தர்ட்ட சொல்லிருவீங்க. அவரு எனக்குப் போன் பண்ணிச் சொல்லமாட்டாரு. சரி, பாட்டரி எடுத்தேண்ணு சொன்னியே, அதாவது உள்ளதா?"

"உள்ளதுதான். எடுத்து, ஒரு பரமண்டல ஜெபம் சொல்லிட்டுப் போட்டேன்."

"ஒண்ணுதானா?"

"ஒண்ணு."

"பிளக்கு எங்க கிடந்தது?"

"செவத்துலதான்."

அவர் பையைத் தோளிலிருந்து இறக்கினார்.

போர்டு, நான் சொன்ன 240-ஐ மறக்காமல் வைத்திருக்கிறது. அதை மறக்க வைக்க வேண்டும். அதற்குச் சுவரிலிருந்து வரும் மின்சாரமும் இருக்கக்கூடாது, பாட்டரியும் இருக்கக்கூடாது. இரண்டில் ஒன்று இருந்தாலும் நினைவு நிற்கும். நான் பாட்டரியை எடுத்தபோது பிளக் இருந்தது. அவர் பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிச் சோதித்தபோது, என் பேச்சை நம்பியதால், பாட்டரி இருந்தது. இரண்டரை நாளாக எங்கள் வீட்டில் யாரோ ஒருவர் அதற்கு ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்திருக்கிறோம். இதையெல்லாம் அவர் முற்றத்தில் நின்றபடி இரண்டு வாக்கியத்தில் சொன்னார்.

திரும்ப உள்ளே போய்ப் போர்டை மேசையில் வைத்தார். எல்லா வயரையும் உருவினார், பாட்டரியை நெம்பி எடுத்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து சட்டைப் பையிலிருந்து ஒரு ஜெபமாலையை எடுத்தார். உதடு அசைந்தது. விரல் ஒரு மணியிலிருந்து அடுத்த மணிக்குப் போயிற்று.

அப்பா பார்த்துவிட்டார்.

"என்ன செய்யிறீங்க?"

அவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். அந்த மணியை முடித்துவிட்டுத்தான் பேசினார். "நேரம் பாக்கேன் சாரே. பத்து மணி சொல்லி முடிக்கதுக்குள்ள போர்டுல உள்ளது எல்லாம் வடிஞ்சிரும்."

"கடியாரம் செவத்துல இருக்குல்லா?"

"கடியாரத்தப் பாத்தா அவசரம் வரும். ரெண்டு நிமிசத்துல பாட்டரியப் போட்டிருவேன். இதுண்ணா முடியாம எந்திரிக்க முடியாது."

"மெசினுக்காண்டி ஜெபிக்கப்பிடாது."

"மெசினுக்கு இல்ல சாரே. எனக்க அம்மைக்கு முட்டுவலி. அதுக்காக்கும். மெசின் பக்கத்துல இருக்கு, அம்பிடுதான்."

அப்பா வாசலில் போய் நின்றுகொண்டார். ஐந்து வாரம் முன்பு கடியப்பட்டணத்தில் அத்தானைக் கிடத்தியிருந்த வீட்டில் எல்லோரும் ஜெபமாலை சொன்னார்கள். ஐம்பத்துமூன்று மணி. எழுபத்தைந்து வயதில் அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் கடைசி மணிவரை உட்கார்ந்திருந்தார். நடுவில் வெளியே போய்க் காற்று வாங்கச் சொல்லி யாரோ கூப்பிட்டதற்கு, "முடியாம எந்திரிக்க முடியாது" என்றார்.

பத்தாவது மணி முடிந்ததும் கபிரியேல் பாட்டரியைப் போட்டார், வயர்களை மாட்டினார், பிளக்கைச் செருகினார். பீப் என்று ஒரு சத்தம் வந்தது. திரையில் வெள்ளை எழுத்து வந்தது. கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் மறந்துவிட்டிருந்தது. தேதி கேட்டால் 2002 ஜனவரி ஒன்று என்றது.

"என்ன கோளாறு?" என்றார் அப்பா.

"பாட்டரி சாரே."

"அப்ப போஸ்ட் இல்லியா?"

"போஸ்ட்டுந்தான்" என்றார். ஒரு பொய்யும் சொல்லவில்லை.

தேதியைத் திருத்தினார். நீலத் திரைக்குள் யாரும் நுழையாதபடி ஒரு பாஸ்வேர்டு போட்டு, அதைத் துண்டுத்தாளில் எழுதி அக்காவுக்கு முன்னால் வைத்தார். "இது உங்களுக்கு மட்டும் தெரிஞ்சா போதும்" என்றார். அக்கா தாளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பெட்டியைத் திறந்து ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டினாள்.

வெள்ளி மாலை நான்கு மணி. முப்பத்தாறு ஃபைல்கள் பாக்கி. ஒன்றுக்கு அரை மணி நேரம். சனி ஆறு மணிக்கு இருபத்தாறு மணி நேரம் இருந்தது. அக்கா இடையில் சாப்பிட்டதும் தூங்கியதும் எல்லாமாகச் சேர்த்து எட்டு மணி நேரம்கூட இருக்காது.

சனி மதியம் கபிரியேல் கூப்பிடாமலே வந்தார். பைக்கின் பின்னால் ஒரு யுபிஎஸ் கட்டியிருந்தது. நேற்று எங்கள் யுபிஎஸ் அழுத விதம் சரியில்லை என்றார். ஒரு ஃபைலுக்கும் அடுத்ததற்கும் இடையே மெஷினை அணைத்து, அதை மாற்றி வைத்துவிட்டு, முன்னறையில் உட்கார்ந்தார். போகவில்லை. உள்ளே கால்மிதி கடக் கடக் என்று கேட்டுக்கொண்டிருந்தது. அது நிற்கும்போதெல்லாம் தலையைத் தூக்குவார். தொடங்கியதும் தாழ்த்துவார். அம்மா அவருக்குச் சாயா கொடுத்தாள்.

ஐந்து இருபதுக்கு அக்கா ஐம்பத்தொன்பதாவது ஃபைலை அனுப்பிவிட்டு அறுபதாவதைத் திறந்தாள். தலைக்கு மேலே காற்றாடி நின்றது. தெருவில் யாரோ மரம் வெட்டும் சத்தம் கேட்டது.

பகவதியப்பன் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார். இரண்டு ஆட்களுடன் வந்து, லைனை நிறுத்திவிட்டு, அயினிக் கொப்பில் ஏறியிருந்தார். அப்பா ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

"கரண்டப் போடுங்க! ஆறு மணிக்குள்ள ஒரு காரியம் உண்டு!"

"நீங்கதானே சாரே எழுதித் தந்தீங்க? ரெண்டு பக்கம்!"

"இப்ப வேண்டாம்ணு சொல்லுதேன்."

"பாதி வெட்டியாச்சு சாரே. கொப்பு லைனுக்க மேல தொங்குது. இப்ப கரண்டு குடுத்தா நானும் கொப்பும் ஒண்ணா வருவோம். சீக்கிரம் வேணும்ணா கயித்தப் பிடிச்சி இழுங்க."

வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பா கயிற்றைப் பிடித்தார்.

உள்ளே யுபிஎஸ் கூவ ஆரம்பித்திருந்தது. கபிரியேல் அறை வாசலில் நின்று சொன்னார்.

"இதோட பத்து நிமிசந்தான் தாங்கும். மானிட்டருதான் குடிக்கது. அது இல்லேண்ணா இருபத்தஞ்சு வரை ஓட்டலாம்."

"அணைச்சிருங்க" என்றாள் அக்கா, திரும்பாமல்.

"பின்ன எப்பிடி அடிப்பீங்க?"

"காதால கேட்டுத்தானே அடிக்கேன்."

அவர் உள்ளே வந்து மானிட்டரை அணைத்தார். அக்கா இருண்ட திரையைப் பார்த்தபடி டைப் செய்தாள். கால் மிதித்தது, விட்டது, மிதித்தது. ஓஹையோவில் ஒருவருடைய ஈரல் பற்றி யாரோ ஒரு டாக்டர் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். யுபிஎஸ் ஐந்து விநாடிக்கு ஒருமுறை கூவியது, பிறகு மூன்றுக்கு ஒருமுறை. கபிரியேல் ஜெபமாலையை எடுக்கவில்லை. கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்து நாற்பத்துமூன்றுக்கு வெளியே கொப்பு விழுந்தது. அப்பாவும் விழுந்தார் என்று பிறகு தெரிந்தது, முழங்கையில் மட்டும் அடி. ஒரு நிமிடம் கழித்துக் காற்றாடி சுற்றியது. அக்கா கையை நீட்டி மானிட்டரைப் போட்டாள். ஒன்றரைப் பக்கம். நான்கு இடத்தில் தவறு. திருத்தினாள். ஐந்து ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினாள். ஆறுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது நாகர்கோவிலிலிருந்து பதில் வந்தது. அறுபதும் கிடைத்தன, திங்கட்கிழமை வந்து நியமனக் கடிதத்தில் கையெழுத்திடவும்.

அக்கா ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். காதைத் தேய்த்துக்கொண்டு திரும்பினாள். வாசலில் நின்றவரை இரண்டு நாளில் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"இவருக்குச் சாயா குடுத்தீங்களா?" என்று அம்மாவிடம் கேட்டாள்.

"மூணு மட்டம் குடுத்தாச்சு."

"அப்ப சோறு போடுங்க" என்றாள் அக்கா. விருந்தாளி ஒருவர் முன்னால் அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நாங்கள் கேட்டதில்லை.

கபிரியேல், வேண்டாம், கடையில் வேலை இருக்கிறது என்றார். பிறகு கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தார்.